நம்பிக்கை நம் இச்சைக்கு உட்பட்டதா?

"என் நம்பிக்கை என் இஷ்டம், அதைக் கேட்க நீ யார்?" என்னும் வார்த்தை நம் நாட்டில் மேடையிலும் கேட்கிறது, காப்பிக் கடையிலும் கேட்கிறது, கற்றறிந்தோர் கூடும் சபைகளிலும் கேட்கிறது. ஒருவன் எதை நம்பவேண்டும் என்று சர்க்காரோ சமூகமோ கட்டளையிடலாகாது என்ற அளவில் அது முற்றிலும் நியாயமான வார்த்தையே. ஆனால் அந்த உரிமை ஒன்று. நம்பிக்கை என்பது நாம் வேண்டியபோது வந்து வேண்டாதபோது போகும் பொருளா என்ற கேள்வி வேறொன்று. ஜவுளிக் கடையில் வேஷ்டி பொறுக்குவதுபோல் மனிதன் தன் நம்பிக்கைகளைப் பொறுக்கி எடுக்கிறானா? நேயர்கள் தாமே சோதித்துப் பார்க்கலாம். தாம்பரம் ரயில் நிலையத்தில் நின்றுகொண்டு, எதிரே இரைந்து வரும் வண்டியைக் கண்ணால் காணும்போதே, வண்டி ஏதும் வரவில்லை என்று ஒரு நிமிஷம் நம்ப முயல்க. ஆயிரம் ரூபாய் பந்தயம் வைத்தாலும் அது கைகூடாது. அவ்வாறு நம்புவதாகச் சொல்லிவிடலாம், நம்புவதுதான் இயலாது.

அப்படியானால் தன் நம்பிக்கைக்கு மனிதன் பொறுப்பாளி அல்லன் என்று தீர்ப்பளித்துவிடலாமா? இதை ஆகாயத்தில் வைத்துப் பேசுவதில் பயனில்லை. தாம்பரத்துக்கு ஒரு ஸ்டேஷன் முன்னதாக இறங்கிப் பேசுவோம்.

சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931-ம் வருஷத்தில். அம்மார்க்கத்தில் குரோம்பேட்டைக்கு அடுத்தாற்போல் 'தாம்பரம் ஸானடோரியம்' என்றொரு ஸ்டேஷன் உண்டு. நாள்தோறும் அங்கே ஏறியிறங்கும் ஜனங்களுள், அது ஓர் ஆஸ்பத்திரியின் பெயர் என்பதை அறிந்தவர் பலர். அது ஒரு காலத்து வைத்திய நம்பிக்கையின் பெயர் என்பதை எண்ணிப் பார்ப்பவர் மிகச் சிலரே. 1928-ம் வருஷத்தில் டாக்டர் சௌரிமுத்து என்பவர் க்ஷயரோகிகளுக்காக அந்த ஆஸ்பத்திரியை ஸ்தாபித்தார். முன்னரே இங்கிலாந்தில் மெண்டிப் குன்றுப் பிரதேசத்தில் ஒரு ஸானடோரியம் நடத்திப் பெயர் பெற்றவர் அவர். 1914-ல் கணித மேதை ராமானுஜன் கப்பலேறியபோது அதே கப்பலில் பிரயாணம் செய்தவர். பிற்பாடு ராமானுஜன் நோயுற்று அந்த மெண்டிப் ஸானடோரியத்திலேயே சில காலம் கிடக்க நேர்ந்ததும் விதியின் விசித்திரம். (ராமானுஜனுக்கு வந்தது க்ஷயமே அன்று, அமீபாக் கிருமியால் ஈரலில் உண்டாகும் நோயாக இருக்கலாம் என்று 1994-ல் ஓர் ஆங்கில ஆராய்ச்சியாளர் பழைய குறிப்புகளை ஆராய்ந்து எழுதினார். எத்தனை வைத்தியர்கள் பார்த்த நோயாளி அவர்!) தாம்பரத்து ஆஸ்பத்திரியை 1937-ல் சென்னை சர்க்கார் ஏற்றுக்கொண்டது.

ஸானடோரியம் என்ற அந்நியச் சொல்லுக்குள் அடங்கியிருந்த நம்பிக்கை என்ன? க்ஷயரோகிக்கு நல்ல காற்று வேண்டும். பூரண ஓய்வு வேண்டும். பாலும் முட்டையும் கலந்த சத்துணவு வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அவன் தன் வீட்டைவிட்டு விலகி மாதக்கணக்கில், வேண்டுமானால் வருஷக்கணக்கில், தனியிடத்தில் வாசம் செய்யவேண்டும். இது உலகெங்கும் படித்த வைத்தியர்கள் ஒருமுகமாகக் கொண்டிருந்த கொள்கை. அக்கொள்கையை அவர்கள் ஆசைப்பட்டுத் தேர்ந்துகொண்டார்கள் என்று சொல்வது அநியாயமாகும். ஊருக்கு வெளியே காற்றோட்டமான கட்டிலில் படுத்த நோயாளிகள் சிலர் தேறியதை அவர்கள் கண்ணாரக் கண்டார்கள். பட்டணத்துச் சந்துகளில், ஒற்றையறைக் குடித்தனங்களில், இருமி இருமி மாண்டவர்களையும் கண்டார்கள். இவ்விரண்டையும் கண்ட புத்தியில் அந்த நம்பிக்கை தானாகவே முளைத்தது.

அதற்கு முந்தைய நம்பிக்கையும் அவ்வாறே. க்ஷயம் குலத்தில் வரும் நோய் என்று நம் பாட்டன்மார் நம்பினர். பெண் கொடுக்கவும் எடுக்கவும் அஞ்சினர். அந்த வியாதிக்கு ராஜயக்ஷ்மா என்று பெயரிட்டு, தக்ஷனுடைய இருபத்தேழு குமாரத்திகளுள் ரோகிணி ஒருத்தியிடமே மயங்கிக் கிடந்த சந்திரன் சாபத்தால் தேய்ந்த கதையோடு அதைச் சேர்த்தனர். இதைக் கேட்டு இன்று நாம் நகைக்கலாம். ஆனால் ஒரே வீட்டில் தகப்பன், பின் மகன், பின் மருமகள் என்று அடுத்தடுத்து விழுந்ததை அவர்கள் கண்டது பொய்யா? கண்டது மெய், அதிலிருந்து கொண்ட அனுமானம் பிசகு. மலைமேல் புகையைக் கண்டு நெருப்பை அனுமானிப்பது தர்க்க சாஸ்திரத்தில் முதல் பாடம். மூடுபனியைப் புகையென்று கொள்பவனும் கண்ணால் கண்டவன்தான். 1882-ல் ஜெர்மன் தேசத்து ராபர்ட் காக் கிருமியைக் கண்டு சொல்லும்வரை, தொற்றுக்கும் குலத்துக்கும் பேதம் தெரிய வழியில்லை.

ஆகவே நம்பிக்கை நம் இச்சைக்கு உட்பட்டதன்று என்பதை ஒப்புக்கொள்வோம். ஆனால் ஸானடோரியத்தின் கதை அத்தோடு முடியவில்லை.

1940-களிலும் 1950-களின் தொடக்கத்திலும் ஸ்ட்ரெப்டோமைஸின், பாஸ், ஐஸோனியஸிட் என்னும் மருந்துகள் அடுத்தடுத்துத் தோன்றின. கிருமியைக் கொல்லும் மருந்து கைக்கு வந்த பிறகும், கட்டிலும் காற்றும் ஓய்வும் இன்றியமையாதவை என்ற எண்ணம் மாறவில்லை. மருந்தையும் ஸானடோரியத்திலேயே கொடுக்கவேண்டும் என்பது நிபுணர்களின் துணிபு. நம் தேசத்துக்கோ இது பெரும் சங்கடம். 1955 முதல் 1958 வரை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு பல பிரதேசங்களில் எடுத்த கணக்கில், க்ஷயம் பட்டணத்து நோய் என்ற எண்ணமே தவறு, கிராமங்களிலும் ஏறக்குறைய அதே அளவு உண்டு என்று வெளிப்பட்டது. நோயாளிகள் லக்ஷக்கணக்கில், கட்டில்களோ அதற்கு ஒரு மூலைக்கும் காணா. ஸானடோரியம் இன்றியமையாதது என்பது உண்மையானால், பெரும்பாலான ஏழை ரோகிகள் சாகவேண்டியவர்களே என்பது அதன் மறுபக்கம். இடம் கிடைக்கும்வரை காத்திருந்த கூலிக்காரன் எத்தனை பேருக்கு இருமலைப் பகிர்ந்தளித்திருப்பான்! இடம் கிடைத்தவன் பிழைப்பை விட்டு வருஷக்கணக்கில் படுத்திருக்கும்போது அவன் பிள்ளைகள் எதை உண்டிருப்பார்கள்!

இந்நிலையில் 1956-ல் சென்னைச் சேத்துப்பட்டில் க்ஷயரோக மருந்துச் சிகிச்சை ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு, சென்னை சர்க்கார், உலக சுகாதார ஸ்தாபனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகிய நான்கும் சேர்ந்து செய்த காரியம் அது. வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் முன்னின்று நடத்தினார். அவர்கள் செய்தது சொல்வதற்கு எளிது. செய்வதற்குத்தான் நெஞ்சுரம் வேண்டும். சென்னை நகரத்து ஏழை நோயாளிகள் 193 பேரை எடுத்துக்கொண்டார்கள். சீட்டுக் குலுக்கிப் போட்டது போல, யாருடைய விருப்பு வெறுப்பும் புகாதபடி, பாதிப் பேரை ஸானடோரியத்துக்கு அனுப்பினார்கள். மறு பாதிப் பேரை அவர்களுடைய நெருக்கமான வீடுகளிலேயே இருக்கவிட்டார்கள். இரு சாராருக்கும் ஒரே மருந்து, ஒரே காலம்: ஐஸோனியஸிடும் பாஸும் 12 மாதம்.

வீட்டில் இருந்தவர்கள் குறைவாக உண்டார்கள், ஓய்வின்றி உழைத்தார்கள், காற்றோட்டத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஸானடோரியத்தில் இருந்தவர்களுக்கு எல்லா வசதியும் இருந்தது. உடல் எடையும் நன்றாக ஏறியது. வருஷ முடிவில் எண்ணிப் பார்த்தபோது, நோய் அடங்கியவர்கள் ஸானடோரியத்தில் நூற்றுக்கு 92. வீட்டில் நூற்றுக்கு 86. இவ்வளவு சிறு தொகையில் அந்த ஆறு பேர் வித்தியாசத்தைப் பெரிதாகக் கொள்ள இடமில்லை. அதைவிட முக்கியமான பயம் ஒன்று இருந்தது: ரோகியை வீட்டில் வைத்தால் மனைவி மக்களுக்குத் தொற்றாதா? அவர்களையும் 5 வருஷம் விடாது கவனித்தார்கள். ஸானடோரியத்துக்குப் போனவன் குடும்பத்தைவிட வீட்டிலிருந்தவன் குடும்பத்தில் நோய் அதிகமாக வரவில்லை. தொற்றவேண்டியது பெரும்பாலும் நோய் கண்டுபிடிக்கப்படுமுன்பே தொற்றிவிட்டிருந்தது. மருந்து தொடங்கிய பிறகு ரோகி குடும்பத்துக்குப் பெரிய அபாயமல்லன்.

இம்முடிவு 1959-ல் வெளியாயிற்று. 1962-ல் நம் தேசத்து க்ஷயரோக ஒழிப்புத் திட்டம் வீட்டுச் சிகிச்சையை அடிப்படையாகக் கொண்டே அமைந்தது. மேல்நாட்டார் ஸானடோரியங்களை மூடினார்கள். சேத்துப்பட்டில் ஏழைகளின் வீட்டுத் திண்ணையில் எடுத்த கணக்கு உலகத்து வைத்திய முறையையே திருப்பியது என்பது, தேசாபிமானிகள் அதிகம் பேசாத, ஆனால் பேசத் தகுந்த சங்கதி.

இதில் நாம் கவனிக்கவேண்டியது யாது? அந்த வைத்தியர்கள் தம் பழைய நம்பிக்கையை இஷ்டப்பட்டு விட்டுவிடவில்லை. கணக்கு அவர்களைக் கையைப் பிடித்து இழுத்தது. ஆனால் அந்தக் கணக்கை எடுப்பதா வேண்டாமா என்பது அவர்கள் இஷ்டத்தில் இருந்தது. எடுக்காமலே இருந்திருக்கலாம். ஊரெல்லாம் ஒப்புக்கொண்ட கொள்கையைச் சோதிக்காததற்காக யாரும் யாரையும் குற்றஞ்சாட்டியிருக்க மாட்டார்கள். இங்கேதான் மனிதனுடைய பொறுப்பு இருக்கிறது என்பது நம் அபிப்பிராயம். 1877-ல் கிளிஃபர்ட் என்ற ஆங்கிலக் கணித ஆசிரியர் ஒரு கப்பல் முதலாளியின் கதையை எழுதினார். கப்பல் பழையது, பழுது பார்க்கவேண்டுமென்று சந்தேகம் எழுகிறது, செலவை எண்ணி, இத்தனை பிரயாணம் போய் வந்த கப்பல் இதற்கும் போய் வரும் என்று மனத்தைத் தேற்றி, மெய்யாகவே நம்பி அனுப்பிவிடுகிறான். கப்பல் மூழ்குகிறது. அவன் நம்பிக்கை பாசாங்கு அன்று. ஆயினும் குற்றவாளியே, ஏனெனில் சந்தேகம் வந்தபோது கப்பலின் அடிப்பாகத்தைப் பார்க்க அவன் ஆள் அனுப்பவில்லை. அமெரிக்க ஞானி வில்லியம் ஜேம்ஸ் 1896-ல் இதற்கு மறுப்பு எழுதி, சாக்ஷியம் வரும்வரை காத்திருக்க முடியாத விஷயங்களும் வாழ்க்கையில் உண்டென்றார். அதுவும் சரியே. ஆனால் ஜேம்ஸ் தந்த சலுகையைக் கப்பல் முதலாளிகளெல்லாம் எடுத்துக்கொள்வதைத்தான் நாம் நித்தியம் காண்கிறோம்.

இந்த இடத்தில் ராஜாஜியை நினைக்காமல் இருக்க முடியாது. க்ஷயத்தைத் தடுக்கக் குழந்தைகளுக்கு பி.ஸி.ஜி. ஊசி போடும் இயக்கம் நாடெங்கும் நடந்துகொண்டிருந்தபோது, 1955-ல் அதை எதிர்த்து அவர் ஒரு சிறு நூலே வெளியிட்டார். உயிருள்ள கிருமியை ஆரோக்கியமுள்ள குழந்தைகளின் உடலில் லக்ஷக்கணக்கில் செலுத்துவது தகுமா, பலன் நிச்சயமா என்பது அவர் ஆக்ஷேபம். படித்தவர் பலர் அதைப் பிற்போக்கென்று இகழ்ந்தனர். பின்னர் 1968-ல் நம் செங்கற்பட்டு ஜில்லாவிலேயே, திருவள்ளூர்ப் பக்கத்தில், உலகிலேயே மிகப் பெரிய பி.ஸி.ஜி. சோதனை தொடங்கியது. ஏறத்தாழ 3,60,000 ஜனங்கள் வாழ்ந்த பிரதேசம் அது. ஒரு பகுதியினருக்கு ஊசி மருந்து. மற்றொரு பகுதியினருக்கு வெறும் திரவம். 1979-ல் முடிவு வந்தது: பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் க்ஷயத்தை அந்த ஊசி தடுக்கவேயில்லை. 15 வருஷக் கணக்கு 1999-ல் வெளியானபோதும் அதுவே முடிவு.

அப்படியானால் ராஜாஜி ஜயித்தாரா? அவசரப்பட வேண்டாம். சிறு குழந்தைகளுக்கு மூளைச்சவ்வில் வரும் கொடிய க்ஷயத்தை அதே ஊசி தடுக்கிறது என்று வேறு ஆராய்ச்சிகள் காட்டியபடியால், இன்றும் பிறந்த குழந்தைக்கு அது போடப்படுகிறது, போடவும் வேண்டும். அவர் எழுப்பிய வினா நல்ல வினா. ஆனால் விடை அவரிடமும் இல்லை, அவரை இகழ்ந்தவர்களிடமும் இல்லை. இரு சாராரும் 1955-ல் நம்பினார்கள், ஒருவருக்கும் தெரியாது. தமக்கு ஆசையுள்ள முடிவுக்கு மாறாக வந்த கணக்கை மறைக்காமல் அச்சிட்டார்களே, அந்தச் சோதனைக்காரர்களுக்கே நாம் மரியாதை செலுத்துகிறோம்.

தாம்பரத்து ஆஸ்பத்திரி வாசலுக்கு மற்றொரு நம்பிக்கையும் வந்து மோதி உடைந்தது. 1981-ல் அமெரிக்காவில் எயிட்ஸ் நோய் தலைகாட்டியபோது, அது மேல்நாட்டார் ஒழுக்கக்கேட்டின் பலன், நம் புண்ணிய பூமியை அண்டாது என்று பத்திரிகைகளிலும் மேடைகளிலும் பேசப்பட்டது. தேசாபிமானத்தின் பெயரால் வந்த நம்பிக்கையாதலால், அதைச் சந்தேகிப்பதே தேசத்தை நிந்திப்பதாகத் தோன்றியது. 1985-ன் இறுதியில் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியராயிருந்த டாக்டர் சுனிதி ஸாலமன் தம் மாணவி டாக்டர் நிர்மலாவிடம் இதையே ஆராய்ச்சிப் பொருளாகக் கொடுத்தார். நிர்மலா தயங்கினார், ஒன்றும் கிடைக்காதென்றே எண்ணினார். கணவர் தைரியம் சொன்னார். காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த, விலைமாதர் என்று ஒதுக்கப்பட்ட பெண்களிடம் ரத்தம் எடுத்து, பத்திரப்படுத்த வேறு இடமின்றித் தம் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியிலேயே வைத்து, வேலூருக்கு ரயிலில் கொண்டுபோய்ச் சோதித்தார். ஆறு மாதிரிகள் மஞ்சளாக மாறின. அமெரிக்காவுக்கு அனுப்பி மறுபடி சோதித்தபோதும் அதுவே உறுதியாயிற்று. சட்டசபையில் அறிவிக்கப்பட்டது. அப்போதும் நம்பாதவர் பலர். சோதனையே பிசகென்று சொன்னவரும் உண்டு.

நிர்மலாவும் 'இங்கே இருக்காது' என்றே நம்பினார் என்பதைக் கவனிக்கவேண்டும். மேடையில் முழங்கியவர்க்கும் அவருக்கும் நம்பிக்கையில் வேற்றுமையில்லை. ஒருவர் ஊசியை எடுத்தார், மற்றவர்கள் எடுக்கவில்லை.

1993-ல் தாம்பரத்தில் எயிட்ஸ் நோயாளிகள் இருவர் முதலில் சேர்க்கப்பட்டனர். பின்னர் நாட்டிலேயே பெரிய எயிட்ஸ் சிகிச்சை நிலையங்களுள் ஒன்றாக அது வளர்ந்தது. 2004 ஏப்ரலில் சர்க்கார் இலவசமாக மருந்து வழங்கத் தொடங்கிய முதல் எட்டு ஸ்தலங்களில் தாம்பரமும் ஒன்று. நம் பூமியை அண்டாது என்ற நம்பிக்கைக்காக எத்தனை வருஷங்கள் வீணாயின என்பதை அந்த வார்டுகள் அறியும். ஆனால் எதிர்ப்பக்கத்தாரும் தப்பவில்லை. நோய் இருக்கிறது என்று போராடியவர்கள், இந்தியாவில் 50 லக்ஷத்துக்கு மேற்பட்டோர் பீடிக்கப்பட்டிருப்பதாகச் சொல்லி வந்தார்கள். 2007-ல் நாடு தழுவிய ரத்தப் பரிசோதனைக் கணக்கைச் சேர்த்துப் பார்த்தபோது அத்தொகை ஏறத்தாழப் பாதியாகி, 25 லக்ஷம் ஆயிற்று. நல்ல நோக்கத்தோடு கொண்ட நம்பிக்கை என்பதற்காக எண்கள் தயவு காட்டுவதில்லை.

சேத்துப்பட்டின் முடிவுக்கும் அதே கதி நேர்ந்ததைச் சொல்லாமல் விட்டால் நாம் நேர்மையற்றவர்களாவோம். 'மருந்துதான் முக்கியம்' என்ற 1959-ம் வருஷத்துக் கணக்கு, நாளாவட்டத்தில் 'உணவு முக்கியமில்லை, கட்டிலும் முக்கியமில்லை' என்ற நம்பிக்கையாக இறுகிப்போயிற்று. அந்த ஆராய்ச்சி அவ்வளவும் சொல்லவில்லை, கேட்டவர்கள் நீட்டிக்கொண்டார்கள். ஜார்க்கண்டில் நோயாளிகளின் குடும்பத்தாருக்குச் சத்துணவு கொடுத்துச் சோதித்து 2023-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், உணவு பெற்ற வீடுகளில் புதிதாகக் காசநோய் கண்டவர்கள் நூற்றுக்கு 39 பங்கு குறைந்தனர். நம் மாகாணத்திலோ, நோய் கண்டுபிடித்து மருந்து தொடங்கிய சில வாரங்களுக்குள்ளேயே இறந்துபோனவர்களைப் பற்றிய கவலை எழுந்தது. எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பும் வழக்கத்தில், மிக மெலிந்து, மூச்சுத் திணறி, எழுந்து நிற்கவும் மாட்டாதவர்களையும் மாத்திரையோடு அனுப்பிக்கொண்டிருந்தோம். 2022-ல் 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' தொடங்கியபின், நோய் உறுதியான அன்றே எடை, மூச்சு, நிற்கும் வலிமை ஆகியவற்றைப் பார்த்து, ஆபத்தான நிலையிலுள்ளவர்களைப் பொறுக்கி ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள். தாம்பரத்துக் கட்டிலுக்கு மீண்டும் ஒரு வேலை வந்திருக்கிறது. எல்லோருக்கும் அன்று, யாருக்கு என்று அளந்து பார்த்து.

இத்திட்டம் எத்தனை உயிரைக் காத்தது என்ற கணக்கை ஜில்லாதோறும், வருஷந்தோறும், பொதுஜனங்கள் படிக்கக்கூடிய தமிழில் சர்க்கார் வெளியிடவேண்டும். மரணம் குறையாத ஜில்லாவின் கணக்கையும் சேர்த்தே வெளியிடவேண்டும்.